பல்வங்கர் பாலு துரோகியா?

விடுதியில் இரவு பதினோரு மணிக்கு மேல் ஆரம்பிக்கும் சண்டைகள் பெரும்பாலும் காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அடிப்பான்) சொன்னான்: "அம்பேத்கரை எதிர்த்து ஒரு கிரிக்கெட்காரன் தேர்தல்ல நின்னான் தெரியுமாடா? அதுவும் அவனும் தாழ்த்தப்பட்டவன்தான். இதைவிடத் துரோகம் என்ன இருக்கு?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அப்புறம் கொஞ்சம் படித்தேன். படித்த பிறகும் அவன் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கிரிக்கெட்காரர் பல்வங்கர் பாலு. பிறந்தது 1876. தோல் வேலை செய்யும் சமார் சாதி. நம் பக்கத்தில் சொல்வதென்றால் அருந்ததியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இராணுவத்தில் வேலை பார்த்தவர், அதனால் வளர்ந்தது பூனாவில். அங்கே பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் கூட்டுவதும் உருளை இழுப்பதும்தான் முதல் வேலை. மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய அதிகாரி பெரிய பேட்ஸ்மேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அந்த வலைப்பயிற்சியில்தான் பாலு இந்தியாவின் முதல் பெரிய இடதுகை சுழற்பந்து வீச்சாளர் ஆனார். ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த கிளப்பில் அவர் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை, பந்து போடுவது கூலிக்காரன் வேலை.

பூனாவின் இந்துக்கள் கிளப்புக்கு வெள்ளையர்களை ஜெயிக்க ஒரு பந்து வீச்சாளர் தேவைப்பட்டது. பாலுவைச் சேர்க்கலாமா என்று பிராமண உறுப்பினர்களுக்குள் தகராறு. கடைசியில் சேர்த்தார்கள். எப்படி? மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை. சாப்பாடு தனித் தட்டில், தனியாக. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மண் குவளையிலிருந்து குடித்துவிட்டுப் போய் விக்கெட் எடுத்தார்.

பிறகு பம்பாய். 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதில் பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடினார்கள். சீர்திருத்தப் பத்திரிகைகள் இதை ஒரு சமூக நிகழ்வாகவே கொண்டாடின. 1911-ல் பட்டியாலா மகாராஜா தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. மகாராஜாவுக்கு வயது 19, பெரும்பாலும் விருந்துகளில் இருந்தார். அணி நிறையத் தோற்றது. ஆனால் 35 வயதில், தோள்பட்டை வலியோடு, பாலு அந்தச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். (இன்னொரு முறை படியுங்கள். 114!) திரும்பி வந்தபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவரைப் பெருமையாக நினைத்த இளைஞர்களில் பீமராவ் அம்பேத்கரும் ஒருவர். பாலுவைவிட 15 வயது சின்னவர், அவரும் இராணுவக்காரர் மகன்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் நண்பனும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

பாலு இத்தனை செய்தும் அவரை இந்துக்கள் அணியின் தலைவராக யாரும் ஆக்கவில்லை. 1920-ல் நான்கு அணிகள் ஆடும் போட்டியில் முதல் ஆட்டத்துக்குப் பாலுவையே விட்டுவிட்டார்கள். அவர் தம்பி விட்டலுக்குத் தலைவர் தகுதி இருந்தும் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். காரணம் சாதிதான் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். ஊரே பேசியது. நிர்வாகம் இறங்கி வந்து, அடுத்த ஆட்டத்தில் பாலுவைத் துணைத் தலைவராக்கியது. 1923-ல் விட்டல் தலைவரே ஆனார், கோப்பையும் வந்தது. விட்டல் பின்னாளில் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதினார். பாலு குடும்பத்தின் கதை நமக்குத் தெரிவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

1920-21 பருவத்தோடு பாலு ஓய்வு பெற்றார். இதுவரை கிரிக்கெட். இனி அரசியல், சண்டையும் இங்கேதான்.

1932. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும், அதாவது அவர்கள் பிரதிநிதியை அவர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அம்பேத்கரும் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசையில் கேட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் சென்னையைச் சேர்ந்த எம்.சி.ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி கூட்டுத் தொகுதி, ஆனால் ஒதுக்கப்பட்ட இடங்கள். பாலு ராஜா பக்கம் நின்றார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனித்தொகுதி முறையை அறிவித்தது. செப்டம்பர் 20-ல் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24-ம் தேதி பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் முறை போனது, மாகாண சபைகளில் 148 இடங்கள் வந்தன, சென்னை மாகாணத்துக்கு 30. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, ராஜாஜி எல்லோரும் உண்டு. "பி.பாலு" என்ற கையெழுத்தும் உண்டு.

நண்பனின் முதல் குற்றச்சாட்டு இந்தக் கையெழுத்து. இது நிற்காது. கையெழுத்திட்டது துரோகம் என்றால் அம்பேத்கரையே அல்லவா சேர்க்க வேண்டும்? அவர் நெருக்கடியில் போட்டார், பாலு விரும்பிப் போட்டார் என்பான். சரி, அது வித்தியாசம்தான். ஆனால் விரும்பிப் போட்டவர் தன் கொள்கையை விற்கவில்லையே, தன் கொள்கைப்படியே நடந்திருக்கிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. 1933-ல் பம்பாய் நகராட்சித் தேர்தலில் பாலு இந்து மகாசபை சார்பில் நின்று தோற்றார். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன் ஆனால் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது பாலு அந்த மதமாற்ற யோசனையை எதிர்த்தார். 1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு. பாலுவுக்கு 11,225. வித்தியாசம் வெறும் 2,020.

இதில் காங்கிரசுக்கு என்ன லாபம் என்பது தெளிவு. அம்பேத்கரைத் தோற்கடிக்க பம்பாயில் அவருக்கு இணையான புகழுள்ள தாழ்த்தப்பட்டவர் வேண்டும். அப்படி ஓர் ஆள்தான் இருந்தார், அவர் பந்து வீசுபவர். பூனா கிளப்பில் நடந்தது மறுபடி நடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜெயிக்கத் தேவைப்பட்டபோது கூப்பிட்டார்கள். இந்த முறை மண் குவளை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பாலு பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அப்போது 60 வயது. அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? வெளியே மண் குவளையோடு நின்றவன், உள்ளேயே இருந்து, விக்கெட் எடுத்து, தேவைப்பட்டபோது தம்பிகள் வெளிநடப்பும் செய்து, கடைசியில் தம்பியைத் தலைவன் ஆக்கியது. கால் நூற்றாண்டு பிடித்தது, ஆனால் நடந்தது. அவர் கண்ணெதிரே நடந்தது. இப்படி ஒருவர் "இந்து சமூகத்துக்குள் இருந்தே மாற்ற முடியும்" என்று நம்பினால் அதைக் கொள்கைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது? 1906-லும் அதே கொள்கை, 1937-லும் அதே கொள்கை.

என் பார்வையில் அவர் செய்தது தப்புக் கணக்கு. அவர் கையில் பந்து இருந்தது. வயலில் கூலி வேலை செய்பவனுக்கும் தோல் பதனிடுபவனுக்கும் அப்படி என்ன இருந்தது? ஒருவனின் அபூர்வத் திறமை திறந்த கதவு, அவன் உள்ளே போனதும் மற்றவர்களுக்கு மூடிக்கொள்ளலாம். அம்பேத்கர் இதைப் புரிந்துகொண்டவர். அவரும் பெரிய படிப்புப் படித்து உள்ளே போனவர்தான். ஆனால் தன்னை விதிவிலக்காகவே பார்த்தார், பாலு தன்னை முன்மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான விஷயம். அம்பேத்கர் மகார், பாலு சமார். அம்பேத்கரின் இயக்கத்தில் மகார்களே அதிகம் என்ற மனக்குறை மற்ற சாதிகளிடம் இருந்தது. (எல்லோரும் அப்படியில்லை. பி.என்.ராஜ்போஜ் என்ற சமார் தலைவர் பின்னாளில் அம்பேத்கரோடு சேர்ந்தார்.) தமிழ்நாட்டில் 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது கேட்ட வாதங்களை நினைத்துப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், நிற்காதவன் துரோகி என்று சொல்வது, அந்த வரிசையில் கடைசியில் நிற்பவனிடம் எளிதில் எடுபடாது.

ராஜாவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம்ம ஊர்ப் பக்கம் வருகிறது. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரும் காந்தி பக்தர். அதனால் எங்கள் பக்கத்தில் காந்தி வழி தப்பாகப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. 1938-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்பதுதான் காந்தியின் பதில். (1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவும் அதற்கான சட்டமும் நடந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.) ராஜா மனம் வெறுத்து மெல்ல அம்பேத்கர் பக்கம் வந்தார். 1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழுவை இருவரும் சேர்ந்தே எதிர்த்தார்கள். பாலுவோடு அதே பக்கம் நின்ற மனிதருக்குத்தான் இந்த அனுபவம்.

அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் கதையும் ஏறக்குறைய இதேதான். 1947-ல் பெரிய பேஸ்பால் லீக்கின் நிறத் தடையை உடைத்த கறுப்பர். 1949-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார், 1960-ல் நிக்சனுக்குப் பிரசாரம் செய்தார். துரோகி என்று அவரையும் திட்டினார்கள். 1972-ல் வந்த சுயசரிதையில், இப்போது கூப்பிட்டால் அந்தச் சாட்சிக்குப் போகமாட்டேன் என்று எழுதினார்.

பாலு 1955 ஜூலையில் பம்பாயில் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்துக்கு மாறினார்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சரி, 37-ல நீ பம்பாயில இருந்திருந்தா யாருக்குடா ஓட்டுப் போட்டிருப்ப?"

"அம்பேத்கருக்குத்தான்."

"அப்புறம் என்ன இவ்வளவு நேரம்?"

அதற்கும் துரோகத்துக்கும் சம்பந்தமில்லை, ஒருவருக்கு ஓட்டுப் போடாததால் அவர் துரோகி ஆகிவிடமாட்டார் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் அந்தத் தேர்தலில் ஓட்டு கொடுத்தார்கள், நம் இரண்டு பேர் தாத்தாக்களுக்கும் ஓட்டே இருந்திருக்காது என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். :-)