அண்ணனுக்கும் பங்கு, தங்கைக்கும் பங்கு, கூரை யாருக்கு?

எனக்கு முன் பேசிய அன்பர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கையெழுத்துப் போட வராததால் பூர்வீக வீட்டை விற்கவும் முடியவில்லை, இடித்துக் கட்டவும் முடியவில்லை என்று குறைபட்டார். பினாங்கில் இந்தக் குறைக்கு இருநூறு ஆண்டு வயது.

1807-இல் அரச சாசனத்தின் வழியாக ஆங்கிலேயச் சட்டம் இத்தீவுக்கு வந்தது. அதற்கு முன்பே நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் சூலியா தெருப் பக்கம் குடியேறிவிட்டார்கள். வீடு இங்கே, உடன்பிறப்பு கடலுக்கு அப்பால் என்பது அவர்களுக்குச் சாதாரண வாழ்க்கை. வீட்டை எப்படியாவது குடும்பத்துக்குள்ளேயே நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை எல்லா இனத்தாருக்கும் இருந்தது. சீனப் பெண்மணி ஒருவர், தமக்கும் கணவருக்கும் சடங்கு நடத்த ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி உயில் எழுதினார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது. செல்லாது என்று 1875-இல் தீர்ப்பாயிற்று. கால வரம்பில்லாமல் சொத்தைக் கட்டிப்போட அந்தச் சட்டம் இடம் கொடாது. உயிரோடிருக்கும் ஒருவருடைய ஆயுளை அளவாக வைத்துக் கட்டலாம்.

அப்படிக் கட்டப்பட்டதுதான் லீத் தெருவின் நீல மாளிகை. அதைக் கட்டிய சியோங் ஃபாட் சீ 1916-இல் பத்தாவியாவில் காலமானார். கடைசி மகன் இறக்கும் வரை மாளிகையை விற்கக் கூடாது என்பது அவர் உயில். அந்தக் கடைசி மகன் இறந்தது 1989-இல். எழுபத்து மூன்று ஆண்டுகள்! 38 அறைகள், ஐந்து முற்றங்கள் கொண்ட மாளிகையில் வாடகைக் குடும்பங்கள் நிறைந்தன, சுவர்கள் உரிந்தன. தகப்பனாரின் ஆசை நிறைவேறியது, வீடுதான் பாழாயிற்று. பிறகு வெளியார் வாங்கிப் புதுப்பித்தார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பிள்ளைகளால் முடியாததை வாங்கியவர்கள் செய்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

நம் சாதாரணக் கடைவீடுகளுக்கு இப்படி உயில்கூட இருப்பதில்லை. உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். ஆணோ பெண்ணோ, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பங்கு. ஊரில் இருந்து தாயைப் பார்த்தவருக்கு என்று கூடுதலாக ஒன்றும் கிடையாது. முஸ்லிம்களுக்கு ஃபராயிட் முறை. மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு.

தேசிய நிலச் சட்டத்தில் இதற்குப் பெயர் பிரிக்கப்படாத பங்கு. பாதிப் பங்கு என்றால் முன் அறை உனக்கு, பின் அறை எனக்கு என்று பொருளல்ல. ஒவ்வொரு செங்கல்லிலும் இருவருக்கும் பாதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல ஆண்டுகள் யாரும் சண்டை போடவே இல்லை. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. சொற்ப வாடகை வரும் வீட்டின் பங்குக்கு மெல்போர்னில் இருக்கும் அண்ணன் ஏன் வழக்காட வேண்டும்? 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு கட்டுப்பாடு விலகியது. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. விலை ஏறியது. உறங்கிய பங்குகளெல்லாம் விழித்துக்கொண்டன. அதுவரை மதிப்பீட்டு வரி கட்டி, ஒழுகிய ஓடு மாற்றிய தங்கைக்குத் திடீரென்று கூட்டாளி முளைத்தார்.

அண்ணன் சம்மதிக்காவிட்டால் எதுவும் நடக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. அவரவர் பங்கை அவரவர் விற்கலாம். பாதி வீட்டை வாங்க ஆள் கிடைப்பதுதான் கடினம். அதற்குத்தான் 145-ஆம் பிரிவு. ஒரு பங்காளி இணங்காவிட்டால், மற்றவர் உயர் நீதிமன்றம் போகலாம். முழு வீட்டையும் விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஓடு மாற்றிய செலவு பற்றிய வாதம் அந்தக் கட்டத்தில் வரும். அப்போது தங்கை பழைய ரசீதுகளைத் தேடுவார்.