தோட்டப் பாட்டும் தொழிற்சங்க மேடையும்

இலங்கையில் சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி உள்ளிட்ட மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள், அதாவது ஆள்திரட்டி வேலைவாங்கிய மேற்பார்வையாளர்கள், வழியாகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தபடி, தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு ஆகியவற்றைப் பேணியதோடு, கொழுந்து பறிப்பையும் கங்காணியின் கெடுபிடியையும் பொருளாகக் கொண்ட புதிய பாடல்களையும் படைத்தனர். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் வேலைப்பாடல்கள் ப்ளூஸுக்கும், அதன்வழி ஜாஸுக்கும் ஊற்றானதை இதனோடு ஒப்புநோக்கலாம். அங்கே அந்த இசை அரங்குகளையும் இசைத்தட்டுகளையும் நாடிச் சென்றது, இங்கோ பாட்டு தொழிற்சங்க மேடையை அடைந்தது.

1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர் கூட்டங்களில் உரையாற்ற, அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாரதி பாடல்களையும், தொழிலாளர் உரிமை குறித்துத் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். எழுத்தறிவு பரவாத அச்சூழலில், துண்டுப்பிரசுரம் எட்டாத செவிகளையும் பாட்டு எட்டியது. அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் நூல்வடிவம் பெற்றன. பின்னாளில் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கினார். ஆகவே மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர், தீர்மானங்களையும் வேலைநிறுத்தங்களையும் போலவே இப்பாடல்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாததாகும்.