தொழுநோய்க் கை

தொழுநோயால் நரம்பு பழுதடைந்து விரல்கள் உள்நோக்கி மடங்கிய கையை இச்சொல் குறிக்கும். கோளாறு தசையில் இல்லை. தசைக்கு ஏவல் வருவதில்லை. எலும்புத்தசை தானாக இயங்காது. தண்டுவடத்திலிருந்து வரும் இயக்கு நரம்பிழை பல கிளைகளாகப் பிரிந்து, கிளைக்கு ஒரு தசை இழையைத் தொடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் சுரந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி நகர, தசை சுருங்குகிறது. நரம்பு செத்தால் தசை தளர்ந்து, நாளடைவில் மெலிந்துவிடும்.

விரல்களுக்குள் தசையே கிடையாது. முன்கைத் தசைகள் நீண்ட தசைநாண்களால் அவற்றை இழுக்கின்றன. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் விரலின் அடிமூட்டை மடக்கி, நுனிப்பகுதியை நிமிர்த்துகின்றன. சோறு பிசைவதும் பொத்தான் போடுவதும் இவ்விரண்டின் ஒத்திசைவால்தான். சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை ஏவுவது அல்நார் நரம்பு. முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்வது இதுவே. 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்ட தொழுநோய் நுண்ணுயிர், நரம்பிழையைச் சூழ்ந்த ஷ்வான் உயிரணுக்களில் குடியேறுகிறது. தோலை ஒட்டி ஓடும் இடங்களிலேயே நரம்பு பெரிதும் தடிக்கிறது. அங்கே உடற்சூடு குறைவு என்பது ஒரு விளக்கம்; குறுகிய இடத்தில் நெருக்குண்டு அடிபடுவதும் சேர்ந்த காரணம் என்பாரும் உண்டு.

சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து எண்ணெய் இந்நோய்க்கு வழங்கிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில மருத்துவர்களும் அவ்வின எண்ணெயையே ஊசியாகப் போட்டனர்.

மதுராந்தகத்துக்கு வடக்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கியது 1924இல் என்பர். அதன் பொறுப்பிலிருந்த ராபர்ட் காக்ரேன், பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அக்கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மருத்துவம் படிக்குமுன் அவர் கட்டடத் தொழில் பயின்றவர். தச்சரின் கண் அவரிடம் கடைசிவரை இருந்தது எனலாம்.

1947இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றார். பிராண்ட் பின்னாளில் எழுதியபடி, விரல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார். வலி தாங்காமல் விடுவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செயலற்றதாகக் கருதப்பட்ட கைக்குள் வலிய தசைகள் இருந்தன. முன்கையில் ஆழத்தில் ஓடும் நரம்புப்பகுதியை நோய் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அப்பகுதி ஏவும் மடக்குத் தசைகளுக்குப் பழுதில்லை. எதிர்த்து நிமிர்த்தும் சிறு தசைகள் ஓய்ந்ததால் மடக்குத் தசைகள் விரல்களைச் சுருட்டிவிட்டன.

நல்ல தசையின் நாணை எடுத்து, ஓய்ந்த தசையின் வேலைக்கு மாற்றுவதே தீர்வு. இம்முறை பிராண்ட் கண்டுபிடித்ததன்று. ஸ்டைல்ஸ், பன்னல் ஆகிய அறுவை மருத்துவர்கள் வேறு காரணங்களால் வந்த தசைச் செயலிழப்புக்கு இதை முன்பே செய்தனர். தொழுநோய்க்கு இதை முறையாகப் பயன்படுத்தியவர் இவர் என்பதே பொருந்தும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் நாணோடு வேறோர் இடத்து நாணை ஒட்டி, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுசேர்ப்பது அவர் கையாண்ட பிற்கால முறை. தையல் ஆறியபின் நோயாளி தன் மூளைக்குப் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டும்: மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் விரலின் அடிமூட்டு மடங்கும்! வாரக்கணக்கான பயிற்சியில் அந்த வியப்பு பழக்கமாகிவிடும். உணர்ச்சி மட்டும் திரும்புவதில்லை.

1955இல் இந்திய அரசு திருமணி இல்லத்தை ஏற்று மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து நுண்ணுயிரைக் கொல்கிறது; 2005 இறுதியில் நாட்டளவில் நோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது. மருந்து முடிந்த பின்னும் நரம்பு வீங்கக்கூடும்; தொடக்கத்திலேயே கண்டால் ஸ்டீராய்டு மாத்திரையால் தசையின் வலிமையைக் காக்க முடிகிறது.