ஆடிப்பிறப்பும் சிறுவர் பாட்டும்

காலத்தை அளக்கும் பெயர்களைச் சிறுவர்க்கு ஓசையோடு புகட்டுதல் தமிழரிடையே பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் எழுத்துப் பழகிய பிள்ளை, வாரம் 7, மாதம் 12, நட்சத்திரம் 27, பிரபவ முதல் அட்சய ஈறாகிய ஆண்டு 60 என அனைத்தையும் நெட்டுருச் செய்தது. சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனையோர் பின்சொல்வர். பொருள் விளங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரோதியும் விகிர்தியும் வெறும் ஓசையே. ஆயினும் அந்த ஓசை முதுமையிலும் மறவாது நின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மாணாக்கர்க்குப் பாலபாடங்களை வசன நடையிலே எழுதினார். தெளிந்த வசனம், எனினும் சிறு பிள்ளை துள்ளிப் பாடுதற்கு அங்கே இடம் குறைவு.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களுள் தலையானவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டையிலே ஆசிரியராய் இருந்து பிள்ளைகளின் மனத்தை நன்கறிந்தவர். ஆடிப்பிறப்பைப் பற்றி அவர் பாடிய பாட்டிலே பன்னிரு மாதப் பட்டியல் இல்லை. ஒரேயொரு நாள்தான் உண்டு. நாளை பள்ளிக்கூடம் இல்லை என்னும் மகிழ்ச்சியிலே பாட்டுத் தொடங்குகின்றது. எந்தப் பிள்ளைக்குத்தான் அச்செய்தி நினைவில் நில்லாது! பின்னர்க் கூழும் கொழுக்கட்டையும் வருகின்றன. பயறு வறுபடுகின்றது, அரிசி இடிபடுகின்றது, தேங்காய் சேருகின்றது. பாடப் பாட, அடுக்களையின் வேலையொழுங்கு முழுவதும் பிள்ளைக்குப் பாடமாகிவிடுகின்றது.

ஆடி முதல் நாள், சூரியன் கர்க்கடக இராசியிற் புகும் நாள். யூலை மாத நடுவில் வருவது. தட்சிணாயனத் தொடக்கம் என்று பஞ்சாங்கம் கூறும். அயனம், சங்கிராந்தி என்று சிறுவனுக்கு விளக்கப் புகுந்தால் அவன் உறங்கிவிடுவான். பலாவிலையைக் கோலிக் கூழ் குடித்தவனோ, ஆனி கழிந்து ஆடி பிறந்தது என்பதை மறவான். ஒரு மாதம் இவ்வாறு நாவிலே நிலைத்துவிட்டால், அதற்கு முன்னது யாது, பின்னது யாது என்று அவனே கேட்கத் தொடங்குவான். பட்டியலை மனனஞ் செய்தவன் அவ்வாறு கேட்பது அரிது.

இன்று இலங்கைப் பாடசாலைகளுக்கு ஆடிப்பிறப்பு விடுமுறை இல்லை. இல்லாத விடுமுறையைப் பிள்ளைகள் சீருடையோடு வகுப்பறையிலே பாடுகின்றனர். கனடாவிலே குடியேறிய ஈழத்தமிழர் பிள்ளைகளுக்கோ, அந்நாள் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகின்றது; அங்கே பனங்கட்டியைத்தான் கடை கடையாகத் தேடவேண்டும்.