பொதி அவிழ்ந்த செயலி: ஜாவா சேவையகங்களின் ஒரு பழைய பிணக்கு

ஜாவா பயன்பாட்டுச் சேவையகங்களைப் பற்றிப் பேசுவோர், 'வார்' கோப்பாகப் பொதிந்து நிறுவுவதே மூல முறை என்றும், பொதி பிரித்த கோப்புறையாகவே நிறுவுவது நிரலர்கள் பின்னாளில் கண்ட குறுக்குவழி என்றும் கருதுவதுண்டு. விவரக்குறிப்பை வாசித்தால் அவ்வாறு தோன்றவில்லை.

1999இல் வெளிவந்த சர்வ்லெட் 2.2, இணையச் செயலியை ஒரு கோப்புறை அமைப்பாகவே வரையறுத்தது. 'வெப்-இன்ஃப்' என்னும் உட்கோப்புறை, அதனுள் வகுப்புகள், நூலகங்கள், செயலியை விவரிக்கும் 'வெப்.எக்ஸ்எம்எல்'. இவ்வமைப்பு வட்டில் விரிந்தும் கிடக்கலாம், பொதிக்குள் அடங்கியும் இருக்கலாம். வார் என்பது ஜிப் வடிவத்தில் அமைந்த உறை மட்டுமே. டாம்கேட் சேவையகமும் தன் இயல்பு அமைப்பில் வாரை அவிழ்த்து, அவிழ்ந்த கோப்புறையிலிருந்தே செயலியை இயக்கியது.

இதன் விளைவுகள் சிறியவை அல்ல. ஒரு கோப்பின் உண்மையான இருப்பிடத்தைக் கேட்கும் 'கெட்-ரியல்-பாத்' அழைப்பு, பொதியை அவிழ்க்காமல் இயக்கும் சேவையகத்தில் வெறுமையைத் திருப்பலாம் என்று விவரக்குறிப்பே எச்சரித்தது. கோப்புறை இருக்கும் என நம்பி எழுதப்பட்ட செயலிகள், வேறு சேவையகத்துக்கு மாறியதும் முறிந்தன.

ஆனால் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது: நகலெடுப்பு முடிந்துவிட்டதென்று சேவையகம் எப்படி அறியும்? ஜிப் பொதியின் உள்ளடக்கப் பட்டியல் அதன் இறுதியில் உள்ளது. ஆகவே பாதியில் நிற்கும் பொதியை அடையாளம் காணலாம். கோப்புறைக்கு அத்தகைய முடிவுக்குறி இல்லை. ஆயிரம் கோப்புகளில் எழுநூறு வந்த நிலையிலும் அது கோப்புறையே. பழைய ஜேபாஸ் பதிப்புகள் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பின் நேர முத்திரையைக் கண்காணித்தன. மறுநிறுவலுக்காக அக்கோப்பைச் சும்மா 'தொட்டு' வைப்பது நிரலர்களின் வழக்கமாயிற்று. 2011இல் வந்த ஜேபாஸ் 7, பொதி பிரித்த கோப்புறைகளைத் தானாக நிறுவுவதை இயல்பு அமைப்பில் நிறுத்திவிட்டது. செயலியின் பெயரோடு '.டூடிப்ளாய்' என்னும் பின்னொட்டுடைய வெற்றுக் கோப்பொன்றை மனிதர் வைக்க வேண்டும். நிறுவல் நிறைவேறினால் '.டிப்ளாய்டு', தவறினால் '.ஃபெயில்டு' என்று சேவையகம் பதில் வைக்கும். முடிந்தது என்று சொல்லும் பொறுப்பு மனிதரிடமே திரும்பியது. எளிய தீர்வு, என் பார்வையில் நேர்மையான தீர்வும்கூட.

ஆய்வாளருக்கு இதில் அக்கறை ஏன்? விரிந்து கிடக்கும் கோப்புறையில் ஒரு ஜேஎஸ்பி பக்கத்தை நேரடியாகத் திருத்தினால், சேவையகம் அதை மறுபடி தொகுத்துக்கொள்ளும். நள்ளிரவில் செய்த அத்தகைய அவசரத் திருத்தங்கள் மூல நிரல் களஞ்சியத்தை எட்டாமலே போவதுண்டு. அப்போது களஞ்சியத்தில் உள்ளது ஒரு பாடம், மக்கள் உண்மையில் பயன்படுத்தியது வேறொரு பாடம். சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குப் பழகிய பாடபேதச் சிக்கல்தான் இது.

2020இல் ஸ்பிரிங் பூட் 2.3, டாக்கர் படிமங்களுக்காக நூலகங்களையும் சொந்த நிரலையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்க வழி செய்தது. மாறாத நூலகங்களை ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டியதில்லை. பொதி மீண்டும் அவிழ்ந்தது.

பழைய சேவையகங்களை அகற்றவிருக்கும் துறையினர் வார் கோப்பை மட்டும் எடுத்துவைக்க வேண்டாம். இயங்கிக்கொண்டிருந்த கோப்புறையையும், குறிக் கோப்புகளோடு, நேர முத்திரைகள் மாறாதவாறு படியெடுத்து வையுங்கள்.