ஐஸ் ஹாக்கி: ஒருத்தர் செய்த தப்புக்கு மொத்த டீமுக்கும் தண்டனையா? எளிய விளக்கம்!

வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல் தொடரை முதல்முறை பார்ப்பவர்களுக்கு வர்ற பெரிய குழப்பம், திடீர்னு ஒரு அணியில் ஆள் குறைவது ஏன் என்பதுதான்.

அடிப்படை என்ன?
கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு 6 பேர். தலா 20 நிமிடத்தில் 3 பகுதிகள். பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வட்டு. ஆட்டத்தை நிறுத்தாமலே ஆளை மாத்திக்கலாம்.

ஆஃப்சைடு, ஐசிங்
எதிரணி பக்க நீலக்கோட்டை பக் தாண்டும் முன், தாக்கும் அணி வீரர் உள்ளே போகக்கூடாது. அது ஆஃப்சைடு. தன் பாதியிலிருந்து அடித்த பக், யார் மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் பொதுவாக ஐசிங். ஆட்டம் நிறுத்தப்பட்டு, அடித்த அணியின் பகுதியிலேயே மீண்டும் தொடங்கும்.

2 நிமிட தண்டனை
எதிராளியைப் பிடித்து நிறுத்துவது, இடறி விழ வைப்பது போன்ற தவறுகளுக்கு 2 நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். மாற்று ஆள் கிடையாது. எதிரணிக்கு இதுதான் 'பவர்பிளே'. கிரிக்கெட் பவர்பிளே வேற, இது வேற. ஆள் குறைந்த அணிக்கு ஒரே சலுகை, ஐசிங் விதி பொருந்தாது. அதனால்தான் பக்கை தூரமாக அடித்து நேரத்தைக் கடத்துவார்கள். இதற்குள் எதிரணி கோல் போட்டால், உட்கார்ந்திருக்கும் வீரர் உடனே திரும்பலாம்.

சண்டை போட்டால்?
5 நிமிடம் வெளியே. இருவரும் தண்டிக்கப்பட்டால் மாற்று வீரர்கள் வருவார்கள்; ஆள் குறையாது.

சமநிலை ஆனால்?
லீக் போட்டியில், அணிக்கு 3 வீரர்கள் மற்றும் கோல்கீப்பருடன் 5 நிமிட கூடுதல் நேரம். முதல் கோல் போட்டவருக்கே வெற்றி. கோலே விழலைன்னா ஷூட்அவுட். ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் ஷூட்அவுட் கிடையாது. கோல் விழும் வரை ஆட்டம்தான். அந்த நேரத்தில் ஒரு சின்ன தப்பு, 2 நிமிடம் ஆள் குறைவு, சீசனே முடிஞ்சிடலாம்.