குளத்துக்குள் போன பீரங்கிகள்

1769 மார்ச்சில் மைசூரின் ஹைதர் அலி பரங்கிமலை வரை வந்து நின்றதைப் போன வாரம் பார்த்தோம். 130 மைல் தூரத்தை மூன்றரை நாளில் கடந்து வந்தார். பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் மலைப்பக்கமாகத் திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மட்டும் கிளம்பியதால்தான் அது முடிந்தது. பதினோரு வருடம் கழித்து அதே பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதற்கு நேர்மாறாகச் செய்தது. கோட்டைச் சுவரை இடிக்கும் கனத்த பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போனது.

படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்ரோ, 1764 பக்சார் போரில் வென்றவர். ஆற்காட்டை ஹைதர் முற்றுகையிட்டிருந்தார். மன்ரோ காஞ்சிபுரம் போய்ச் சேர வேண்டும். வடக்கே குண்டூர் பக்கமிருந்து கர்னல் பெய்லி தன் படையோடு வந்து அங்கே கலந்துகொள்ள வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

பீரங்கி ஒன்றை நகர்த்துவது என்றால் என்னவென்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்தக் காலத்து முற்றுகைப் பீரங்கிகளில் 24 பவுண்டு குண்டு போடுகிற ரகத்துக்குக் குழல் மட்டுமே ஏறக்குறைய இரண்டரை டன். அதை வண்டியில் ஏற்ற, கனமான மூன்று மரக்கால்களை உச்சியில் சேர்த்து நிறுத்துவார்கள். உச்சியில் கப்பி தொங்கும். இரண்டு கால்களுக்கு நடுவில் ஓர் உருளை. அதில் வடத்தைச் சுற்றி, உருளையின் துளைகளில் தடியைச் செருகி ஆட்கள் அமுக்க அமுக்க, குழல் அங்குலம் அங்குலமாக மேலே வரும். அது அந்தரத்தில் தொங்கும்போதே அடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்த வேண்டும். குழலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் வண்டியின் பள்ளங்களில் பிசகாமல் உட்கார வேண்டும். மண் இளகி ஒரு கால் சறுக்கினால் கீழே நிற்பவர் பிழைக்கமாட்டார். தாம்பரம் பக்கம் போர்வெல் மோட்டாரை வெளியே எடுக்க மூன்று கால் நட்டு, கப்பி போட்டு இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்.

இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பீரங்கிப் படையோடு சேர்க்கப்பட்ட லஸ்கர்கள், அதாவது கலாசிகள். ஏற்றியான பிறகு மாடுகளின் பாடு. ஜோடி ஜோடியாக நீள வடத்தில் பூட்டுவார்கள். வளைவு வந்தால் முன்னால் போகும் ஜோடிகளின் இழுவை பக்கவாட்டில் வீணாகும். மேட்டில் யானை நெற்றியால் முட்டித் தள்ளும். இறக்கத்தில் ஆட்கள் பின்னால் வடத்தைப் பிடித்துத் தொங்கியபடி வர வேண்டும். நம் செங்கல்பட்டுச் சீமையோ ஏரியும் வயலும் அடுத்தடுத்துக் கிடக்கிற பூமி. மழை பெய்துவிட்டால் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும்.

1780 ஆகஸ்ட் 29 அன்று மன்ரோ காஞ்சிபுரம் சேர்ந்தார். பெய்லியால் வரமுடியவில்லை. கொசஸ்தலையாற்றின் வடகரையில் ஓர் இரவு தங்கினார். இரவோடு இரவாக வெள்ளம் வந்துவிட்டது. ஆற்றைக் கடக்கவே செப்டம்பர் பிறந்துவிட்டது. பெரம்பாக்கம் அருகே அவர் ஹைதரின் படைகளிடம் சிக்கியபோது அவருக்கும் மன்ரோவுக்கும் இடையே ஒருநாள் நடை தூரம்தான். ஆனாலும் மன்ரோ முழுப் படையோடு கிளம்பவில்லை. கிளம்பினால் கோயிலில் வைத்திருந்த தானியமும் கனத்த பீரங்கிகளும் ஹைதர் கையில் சிக்கும் என்று பயந்தார். கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது, அவர் சிறைப்பட்டார்.

எந்தப் பீரங்கிகளுக்காக மன்ரோ காஞ்சியை விட்டு நகராமல் இருந்தாரோ, அவற்றையே மறுநாள் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். செங்கல்பட்டு வழியாகச் சைதாப்பேட்டை வரை ஓட்டமாக வந்த அந்தப் படை வந்த திசையில்தான் இன்றைய ஜிஎஸ்டி சாலை போகிறது. மன்ரோவின் தயக்கத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். என் பார்வையில், போதுமான மாடுகளைச் சேர்த்துவைக்காமல் படையை அனுப்பிய சென்னை நிர்வாகத்தின் பங்கு அதைவிடப் பெரிது. அடுத்துத் தலைமை ஏற்ற சர் அயர் கூட்டும் மாடு இல்லையென்று ஓயாமல் முறையிட்டவர்தான்.

அந்தத் தோல்வி நடந்த இருபதாவது நாள், 1780 செப்டம்பர் 30 அன்று, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் தொடங்கப்பட்டன. பாதை போடுவதும் பள்ளம் தூர்ப்பதும் பாரத்தைக் கடத்துவதும் அவர்கள் வேலை. மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு மூலம் அதுதான்.

மாட்டுப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போன கம்பெனித் தளபதி கார்ன்வாலிஸ், இழுக்க மாடில்லாமல் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். எதிரே இருந்த ஹைதரின் மகன் திப்புவிடம் ஹல்லிகர் வழிவந்த காளைகள் இருந்தன; அந்த மாட்டுப் பண்ணைக்கு அமிர்த மகால் என்று பெயரிட்டவரே அவர்தான். 1799இல் அவர் வீழ்ந்த பிறகு அந்த மந்தைகள் ஆங்கிலேயர் வசமாயின. பீரங்கிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்தக் காளைகளுக்கும் கலாசிகளுக்கும் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டது எனக்கு மனவருத்தம்.

பாரத்தை மேடேற்றும் கதை காளைகளோடு முடிந்துவிடவில்லை. பொள்ளிலூருக்கு நான்கு ஆண்டு கழித்து, 1784இல், கிண்டியில் ஒரு குதிரைப்படை திரட்டப்பட்டது. பல பெயர்கள் மாறி அது ஏழாவது லைட் கேவல்ரி ஆயிற்று. 1948இல் காஷ்மீரத்தின் ஜோஜி லா கணவாய் எதிரிகள் கையில் இருந்தது. 11,500 அடிக்கு மேல் உயரம். கோவேறு கழுதை போகும் தடம் மட்டுமே உண்டு. ஆளுக்கு மேல் ஆள் அனுப்பியும் பிடிக்கமுடியவில்லை. டாங்கிகளைக் கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மையா முடிவு செய்தார். கிண்டியில் பிறந்த அந்தப் படையின் ஸ்டுவர்ட் டாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 டன், மேல் கோபுரங்களைக் கழற்றி மூடிமறைத்து ஜம்முவிலிருந்து கொண்டுவரப்பட்டன. வழியில் இருந்த பலவீனமான பாலங்களை முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறும் கழுதைத் தடத்தை, குண்டுவீச்சுக்கு நடுவே வெட்டி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். நவம்பர் 1 அன்று டாங்கிகள் மேலே ஏறின. அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிரிகள் கலைந்து ஓடினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கார்கில் மீட்கப்பட்டு, லே நகரத்துக்குத் தரைவழி திறந்தது.

(தொடரும்)